அடுத்த கோச் யாருன்னு கேக்குறாங்க, என்ன சொல்றது? (வியாழக்கிழமைக்குள்ள பதில் வேணும்)

கோவைச்செல்வி | நவம்பர் 13, 2023

வணக்கம். டெக்சஸ் வந்து மூணு மாசம் ஆகப்போகுது. இங்க யுனிவர்சிட்டி அமெரிக்கன் ஃபுட்பால் (நம்ம ஊர் கால்பந்து இல்ல, பந்தைக் கையில எடுத்துட்டு ஓடுறது) டீமோட கோச்சை நேத்து வேலையிலிருந்து எடுத்துட்டாங்க. இன்னிக்கு லேப் மீட்டிங்ல ஆராய்ச்சிப் பேச்சே இல்ல, ஒரு மணி நேரமும் அடுத்த கோச் யாருங்கிறதுதான். என்கிட்டயும் கேட்டாங்க. "சனிக்கிழமை கூட ஜெயிச்சாரே, அவரே இருக்கட்டுமே"ன்னு சொன்னேன். எல்லாரும் சட்டுனு அமைதியாயிட்டாங்க. வியாழக்கிழமை லேப் லஞ்ச்ல ஆளுக்கு ஒரு பேரும் காரணமும் சொல்லணுமாம். கிரிக்கெட் தவிர எனக்கு எதுவும் தெரியாது. தப்பாப் பேசிட்டேனா? மன்னிப்புக் கேக்கணுமா? என் வேலை வருஷா வருஷம் புதுப்பிக்கிற வேலை. ராத்திரி தூக்கமே வரல. யாராவது சீக்கிரம் சொல்லுங்க.

வைகைக்கரை | நவம்பர் 13

என்ன விசா, எந்த ஊர், எதுவுமே சொல்லலியேம்மா. மூணு மாசம்னா முதல்ல லைசென்ஸைப் பாரு. டெக்சஸ்ல குடியேறி 90 நாள்தான் பழைய லைசென்ஸை வெச்சு ஓட்டலாம். லைசென்ஸ் குடுக்கிற டி.பி.எஸ். அலுவலகத்துக்கு ஆன்லைன்ல நாள் குறிக்கணும், பக்கத்துல உடனே கிடைக்காது, சுத்துப்பட்டு சின்ன ஊர்களையும் தேடு. பாஸ்போர்ட், விசா, ஐ-94 (நாட்டுக்குள்ள வந்த பதிவு) அச்சுப்பிரதி, ரெண்டு முகவரிச் சான்று. வாடகை ஒப்பந்தம் ஒண்ணு, பேங்க் ஸ்டேட்மெண்ட் ஒண்ணு கொண்டுபோனா போதும். ரெண்டுலயும் பேர் பாஸ்போர்ட்டுல இருக்கிற மாதிரி எழுத்து மாறாம இருக்கணும். இனிஷியல் விரிச்சு எழுதினா திருப்பி அனுப்பிடலாம்.

கோவைச்செல்வி | நவம்பர் 13

அண்ணா, எனக்குக் காரே இல்ல. கோச் பத்தித்தான் கேட்டேன்.

யாழ்_டொராண்டோ | நவம்பர் 13

தங்கச்சி, வேலை செய்யிற இடத்தில விளையாட்டு, அரசியல், சமயம் மூண்டும் கதைக்கக் கூடாது. "எனக்கு விளங்காது, நீங்கள் சொல்லுங்கோ, நான் கேக்கிறன்" எண்டு சிரிச்சுக்கொண்டு இருந்தால் போதும். முதல் ஆறு மாதம் வாயைக் குறைச்சு காதைக் கூட்டினவை ஒருத்தரும் கெட்டதில்லை. மன்னிப்பும் தேவையில்லை.

தாமிரபரணி | நவம்பர் 14

யாழ் அண்ணா சொல்றது டொராண்டோவுக்குச் சரி. இந்த ஊருக்குச் சரிவராது. ஞாயித்துக்கிழமை கோச்சை வேலையிலிருந்து தூக்கினாங்க, சனிக்கிழமை ஜெயிச்சாருன்னா அது டெக்சஸ் ஏ அண்ட் எம், ஊர் காலேஜ் ஸ்டேஷன். இங்க "எனக்குத் தெரியாது"ன்னு ஒரு தடவை சொல்லலாம். ரெண்டாவது தடவை சொன்னா, ஊரோட சேர விருப்பமில்லைன்னு எடுத்துக்குவாங்க. தங்கச்சி, முதல்ல என்ன நடந்ததுன்னு தெரிஞ்சுக்கோ.

இப்பத் தூக்கின கோச் ஜிம்போ ஃபிஷர் 2017 டிசம்பர்ல வந்தார். ஃப்ளோரிடா ஸ்டேட் யுனிவர்சிட்டிக்கு 2013ல தேசிய சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். பத்து வருஷம், ஏழரைக் கோடி டாலர், முழு உத்தரவாதம். 2020ல 9 வெற்றி 1 தோல்வி, தேசிய வரிசையில நாலாவது இடம். அந்தச் சூட்டோட 2021ல ஒப்பந்தத்தை 2031 வரைக்கும் நீட்டினாங்க. அதுக்கப்புறம் 2021ல 8-4, 2022ல 5-7. அந்த 2022லதான் நாட்டிலேயே முதல் தரமான புது மாணவ ஆட்டக்காரர் பட்டாளம் இவங்ககிட்ட வந்திருந்தது. அதை வெச்சுக்கிட்டே சின்ன டீமான அப்பலேச்சியன் ஸ்டேட்டுகிட்ட 17-14னு சொந்த மைதானத்துல தோத்தாங்க. இந்த வருஷம் 6-4.

சனிக்கிழமை மிசிசிப்பி ஸ்டேட்டை 51-10னு அடிச்சது உண்மைதான். ஆனா ஐபிஎல் கணக்கு இங்க செல்லாது. ஐபிஎல்ல 14 ஆட்டம், ஆறு தோத்தாலும் உள்ள போக வழி இருக்கு. இங்க வாரம் ஒண்ணுன்னு 12 ஆட்டம், இந்த 2023 சீசன் வரைக்கும் நாடு முழுக்க நாலே டீம்தான் ப்ளேஆஃபுக்குப் போகும். ரெண்டு தோத்தா கதை முடிஞ்சது. நாலு தோத்த பிறகு வர்ற வெற்றிக்கு மரியாதை இல்ல. இவங்க கடைசியாத் தேசிய பட்டம் வாங்கினது 1939ல. அந்த ஏக்கத்தோட இருக்கிறவங்க முன்னாடி "அவரே இருக்கட்டும்"னு சொன்னதுதான் அந்த அமைதி. கோபம் கிடையாது. மன்னிப்பெல்லாம் கேக்காதே, கேட்டா பெரிசாயிடும்.

ஹூஸ்டன்வாசி | நவம்பர் 14

பேர் சொல்லணும்னா பெரிய பேராச் சொல்லு. ஆரிகன் யுனிவர்சிட்டி கோச் டேன் லேனிங். இல்லேன்னா டேன் கேம்பல். கேம்பல் இதே காலேஜ்ல டைட் எண்டுங்கிற இடத்துல ஆடினவர், இப்ப டெட்ராய்ட் லயன்ஸ்ங்கிற தொழில்முறை டீமோட கோச். அந்தப் பேரைச் சொன்னா யாருக்கும் மனசு கோணாது.

தாமிரபரணி | நவம்பர் 14

கோணாது, ஆனா பேச்சு அங்கேயே நின்னுடும். கேம்பல் என்.எஃப்.எல். (தொழில்முறை லீக்) சீசன் நடுவுல இருக்கார், அது ஜனவரி வரைக்கும் ஓடும். இங்க டிசம்பர் 20ந்தேதி, ஹைஸ்கூல் ஆட்டக்காரங்க எந்தக் காலேஜ்ல சேர்றாங்கன்னு கையெழுத்துப் போடுற நாள். அதுக்குள்ள ஆள் வந்தாகணும். லேனிங்குக்கு ஆரிகன்ல 2028 வரை ஒப்பந்தம், விட்டு வரணும்னா ரெண்டு கோடி டாலர் கட்டணும். அதோட அங்க ஜெயிச்சுக்கிட்டிருக்கார், எதுக்கு வரணும்?

ஒருத்தர் பேரைச் சொல்றதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேட்டுப் பாக்கணும். இப்ப இருக்கிற இடத்தை விட்டு வர அவருக்குக் காரணம் இருக்கா? வெளியே எடுக்க எவ்வளவு கட்டணும்? டெக்சஸ் ஹைஸ்கூல் கோச்சுகளோட பழக்கம் இருக்கா? கூட யாரைக் கூட்டிட்டு வருவார்? மூணாவது கேள்விதான் முக்கியம்னு என் கருத்து. டெக்சஸ்ல ஆட்டக்காரன் ஹைஸ்கூல் மைதானத்துல விளையுறான், அந்தக் கதவைத் திறக்கிறது அங்க இருக்கிற கோச். இது தெரியாம வர்றவருக்கு முதல் ரெண்டு வருஷம் வீண்.

அந்த அளவுகோல்ல யு.டி.எஸ்.ஏ. (சான் அன்டோனியோல இருக்கிற டெக்சஸ் யுனிவர்சிட்டி) கோச் ஜெஃப் ட்ரேலர் நல்ல பேர். கில்மர் ஹைஸ்கூல்ல மூணு தடவை மாநிலப் பட்டம் வாங்கினவர், 2021, 2022 ரெண்டு வருஷமும் அவங்க கான்ஃபரன்ஸ் (காலேஜ்கள் சேர்ந்த லீக்) பட்டம். குறை, ஏ அண்ட் எம் ஆடுற எஸ்.இ.சி. கான்ஃபரன்ஸ் மாதிரிப் பெரிய இடத்துல தலைமைக் கோச்சா இருந்ததில்லை. ஓல் மிஸ்னு சொல்ற மிசிசிப்பி யுனிவர்சிட்டி கோச் லேன் கிஃபினைச் சிலர் கேக்குறாங்க, இந்த மாசம் 4ந்தேதி இவங்களையே 38-35னு ஜெயிச்சவர். என் தேர்வு ட்யூக் யுனிவர்சிட்டி கோச் மைக் எல்கோ. 2018லிருந்து 2021 வரை இங்கேயே டிஃபன்ஸை (எதிர் டீமைத் தடுக்கிற பக்கம்) பாத்தவர். அந்த 9-1 வருஷமும் அவர் இருந்த காலம்தான். ட்யூக் 2021ல 3-9. அவர் போன முதல் வருஷமே 9-4. இந்த செப்டம்பர்ல கிளெம்சனை 28-7னு ஜெயிச்சாங்க. கையில வசதி இல்லாத இடத்துல ஜெயிக்கத் தெரிஞ்சவர், இந்த ஊரும் தெரிஞ்சவர்.

ஹூஸ்டன்வாசி | நவம்பர் 14

இன்னொரு டிஃபன்ஸ் ஆளா? இவங்களுக்குக் குறையே ஆஃபன்ஸ்லதானே (பாயிண்ட் எடுக்கிற பக்கம்). அதுக்காகத்தானே இந்த வருஷம் ஆஃபன்ஸ் கோச்சா பாபி பெட்ரினோவையே கொண்டுவந்தாங்க.

தாமிரபரணி | நவம்பர் 14

தலைமைக் கோச் ஆஃபன்ஸை அவரே நடத்தணும்னு இல்லியே. நல்ல ஆஃபன்ஸ் ஆளை எடுத்து முழுப் பொறுப்பையும் கையில குடுத்துட்டா வேலை நடக்கும். குடுக்காமப் பிடிச்சு வெச்சுக்கிட்டா ரெண்டு மனசுல ஒரு ப்ளே (அடுத்த முயற்சிக்கான உத்தி) வரும், 40 செகண்ட் கடிகாரம் முடிஞ்சு அஞ்சு கெஜம் பின்னாடி போகணும்.

வைகைக்கரை | நவம்பர் 14

எல்லாம் சரி, போகச் சொன்னதுக்கு 7 கோடியே 68 லட்சம் டாலராமே! ஒரு ஆராய்ச்சி உதவியாளர் எத்தனை ஜென்மம் உழைக்கணும்? பார்க்கிங் பர்மிட்டுக்கும் நம்ம பிள்ளைங்க வருஷா வருஷம் அழறாங்க. மேட்ச் வாரம்னா ஹோட்டல்ல ரெண்டு ராத்திரி எடுத்தாத்தான் ரூமே தருவேங்கிறான்.

ஹூஸ்டன்வாசி | நவம்பர் 14

அந்தப் பணம் ஃபீஸ்லிருந்து போகல சார். விளையாட்டுத் துறை வருமானமும் 12வது மேன் ஃபவுண்டேஷன் (யுனிவர்சிட்டி விளையாட்டுக்கு நிதி திரட்டுற அமைப்பு) நன்கொடையும்தான்னு நிர்வாகமே சொல்லிடுச்சு. 60 நாளைக்குள்ள 1 கோடியே 92 லட்சம், அப்புறம் 2031 வரை வருஷம் 72 லட்சம். எட்டு வருஷத்தைக் கூட்டினா உங்க கணக்கு வரும். அவர் வேற இடத்துல வேலைக்குச் சேர்ந்தாலும் ஒரு டாலர் கழிக்க முடியாது, அதுதான் ஒப்பந்தத்துல இருந்த பெரிய ஓட்டை. இதுக்கு முன்னாடி 2020ல ஆபர்ன் யுனிவர்சிட்டி அதோட கோச் கஸ் மால்சானுக்குக் குடுத்த 2 கோடியே 15 லட்சம்தான் உச்சம்.

வைகைக்கரை | நவம்பர் 14

நன்கொடைன்னாலும் அந்தக் கொடையாளர் ஒரு ஆய்வுக்கூடத்துக்குக் குடுத்திருக்கலாமே. வாடகை இந்த வருஷம் எங்க போய் நிக்குதுன்னு பாத்தீங்களா? ஒரு அபார்ட்மெண்ட்ல துவைக்கிற மெஷினுக்குக் கூடத் தனியாக் காசு.

யாழ்_டொராண்டோ | நவம்பர் 14

இஞ்சை வாடகையைக் கேட்டால் நீங்கள் அழுவியள்.

பருத்திக்காடு | நவம்பர் 15

வாடகையை வேற இடத்துல பேசலாம். அந்தப் பொண்ணுக்கு நாளைக்கு லஞ்ச்.

செல்வி, இவ்வளவையும் மனப்பாடம் பண்ணாதே. ரெண்டு வாக்கியம், ஒரு கேள்வி, அவ்வளவுதான். "எல்கோ வரலாம்னு நினைக்கிறேன். இங்க ஏற்கெனவே வேலை பாத்தவர், ட்யூக்ல குறைஞ்ச ஆட்களை வெச்சு ஜெயிச்சிருக்கார். ஆனா ஆஃபன்ஸுக்கு யாரை எடுப்பார்?" கேள்வியோட முடிக்கணும். பதிலை அவங்க பாத்துக்குவாங்க, நீ சாப்பிடலாம். யாராவது மறுத்தா "அப்போ உங்க தேர்வு யார்?"னு கேளு. எல்லாரும் எல்கோன்னு சொல்லி உன் முறை கடைசியா வந்தா, ட்ரேலர் பேரைக் கையில வெச்சுக்கோ, காரணம் ஹைஸ்கூல் பழக்கம்.

பண விஷயத்தை நீயா எடுக்காதே. அவங்களுக்குள்ள திட்டிக்குவாங்க, வெளியாள் சொன்னா வலிக்கும். கிரிக்கெட்டோட ஒப்பிடலாம், தப்பில்லை, கேக்க ஆசைப்படுவாங்க. "நாலு முயற்சியில பத்து கெஜம்"ங்கிறதை மட்டும் தெரிஞ்சுக்கோ. பத்து கெஜம் தாண்டினா மறுபடி நாலு முயற்சி, பந்தோட கடைசிக் கோட்டைத் தொட்டா ஆறு பாயிண்ட், அதுக்குப் பிறகு உதைச்சா ஒண்ணு, தூரத்திலிருந்து கம்பத்துக்குள்ள உதைச்சா மூணு.

கோவைச்செல்வி | நவம்பர் 16

அக்கா, ரொம்ப நன்றி. லஞ்ச் முடிஞ்சது. ஆஃபன்ஸ் கேள்விக்கே இருபது நிமிஷம் பேசினாங்க. இப்ப இன்னொண்ணு. சனிக்கிழமை மேட்சுக்கு எனக்கும் சேத்து டிக்கெட் அனுப்பியிருக்காங்க. கார் இல்ல. மதிய சாப்பாட்டை டிஃபன் பாக்ஸ்ல எடுத்துட்டுப் போலாமா?

பருத்திக்காடு | நவம்பர் 16

டிஃபன் பாக்ஸ் வேண்டாம், வாசல்லயே நிறுத்திடுவாங்க. சாப்பிட்டுட்டுப் போ. உன் வழக்கமான ஹேண்ட்பேக்கும் உள்ள விடமாட்டாங்க. கண்ணாடி மாதிரித் தெரியிற ப்ளாஸ்டிக் பைதான், 12 அங்குலம் நீளம், 12 உயரம், 6 அகலத்துக்குள்ள இருக்கணும். இல்லேன்னா ஒரு கேலன் ஜிப் பை, கடையில கிடைக்கும்.

டிக்கெட் போன்லதான் இருக்கும். இன்னிக்கே வாலட்டுல சேமிச்சு வை. கைல் ஃபீல்டு 1,02,733 பேர் உக்காரும் மைதானம், வாசல்ல அத்தனை போனும் ஒரே நேரத்துல நெட்டுக்கு அலையும்போது பக்கம் திறக்காது. பேட்டரி முழுசா இருக்கட்டும்.

பஸ் தடங்கள் மேட்ச் அன்னிக்கு மாறும். யுனிவர்சிட்டி போக்குவரத்துத் துறை அறிவிப்பை வெள்ளிக்கிழமை ராத்திரி பாரு. திரும்பும்போது மைதான வாசல்லேயே டாக்சி கூப்பிடாதே, கட்டணமும் கூடும், வண்டியும் உள்ள வர முடியாது. இருபது நிமிஷம் வெளியே நடந்துட்டுக் கூப்பிடு.

மெரூன் நிறத்துல ஏதாவது போட்டுக்கோ, நம்ம அரக்குச் சுடிதார் இருந்தாலே போதும். கருகின மாதிரி அடர் ஆரஞ்சு மட்டும் வேண்டாம், அது போட்டி டீமான ஆஸ்டின் டெக்சஸ் யுனிவர்சிட்டியோட நிறம். உன் டிக்கெட் மாணவர் பகுதின்னா ஆட்டம் முழுக்க நின்னுதான் பாக்கணும், செருப்பை விட ஷூ நல்லது. கோபம் வந்தா இங்க ஊளையிடமாட்டாங்க, "ஸ்ஸ்ஸ்"னு சீறுவாங்க, பயப்படாதே. மெமோரியல் ஸ்டூடண்ட் சென்டர் பக்கம் போனா அதைச் சுத்தின புல்லுல கால் வைக்காதே. போர்கள்ல இறந்த மாணவர்களுக்கான நினைவிடம் அது. உள்ள போனா தொப்பியைக் கழட்டணும்.

கோவைச்செல்வி | நவம்பர் 26

மேட்ச் நல்லபடியாப் போச்சு, 38-10. ஆனா நேத்து ராத்திரி லேப் குரூப்ல தூங்கவே விடல. மார்க் ஸ்டூப்ஸ்னு யாரோ வர்றாராம்னு ஒரே கொந்தளிப்பு. காலைல பாத்தா அவர் வரலையாம். நாளைக்கு இதைப் பத்தி என்ன பேசணும்?

தாமிரபரணி | நவம்பர் 26

கென்டக்கி யுனிவர்சிட்டி கோச். 2013லிருந்து அங்க இருக்கார், எஸ்.இ.சி.யில அலபாமா கோச் நிக் சேபனுக்கு அடுத்து நீண்ட காலம் இருக்கிற கோச் இப்ப அவர்தான். நல்ல கோச், 2018லயும் 2021லயும் பத்து வெற்றி. ஆனா ஃபிஷர்கிட்ட ஃப்ளோரிடா ஸ்டேட்ல டிஃபன்ஸ் பாத்தவர். இவ்வளவு பணம் குடுத்து அனுப்பின ஃபிஷரோட வட்டத்திலிருந்தே இன்னொருத்தரான்னு ஜனங்களுக்குப் பொறுக்கல. இந்த வேலையில விளையாட்டு இயக்குநர் மட்டும் முடிவெடுக்க முடியாது, ரீஜென்ட்ஸ் குழு (யுனிவர்சிட்டியோட ஆட்சிக் குழு) சம்மதிக்கணும். ராத்திரியோட ராத்திரியா அந்தச் சம்மதம் இல்லேன்னு ஆயிடுச்சு. நாளைக்கு நீ எதுவும் சொல்ல வேண்டாம், அவங்களே கொட்டித் தீத்துக்கட்டும்.

ஹூஸ்டன்வாசி | நவம்பர் 27

எல்கோதான்! அறிவிச்சாச்சு. தாமிரபரணி சொன்னது பலிச்சது. ஆஃபன்ஸ் பத்தின என் கவலை இன்னும் அப்படியேதான் இருக்கு.

கோவைச்செல்வி | நவம்பர் 27

எங்க லேப்ல எல்லாரும் வந்து கை குடுத்துட்டுப் போறாங்க, நான்தான் சொன்னேன்னு. இனி எதைப் பத்திப் பேசுவாங்க அண்ணா?

தாமிரபரணி | நவம்பர் 27

யார் கிளம்புறான், யார் இருக்கான்னு. கோச் போனதுமே இங்க இருக்கிற ஆட்டக்காரங்களுக்கு வேற காலேஜுக்கு மாற 30 நாள் தனி ஜன்னல் திறந்தாச்சு. டிசம்பர் 4லிருந்து நாடு முழுக்கவும், மாற நினைக்கிறவங்க பேர் குடுக்கிற டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் திறக்கும். 20ந்தேதி ஹைஸ்கூல் பசங்க கையெழுத்து. க்வாட்டர்பேக் (பந்தை வீசி ஆஃபன்ஸை நடத்துற ஆட்டக்காரர்) கானர் வெய்க்மன் செப்டம்பர்ல கால்ல அடிபட்டு உக்காந்திருக்கார். அவர் இருக்கப்போறாரான்னு கேளு, அதுக்கும் இருபது நிமிஷம் பேசுவாங்க.

வைகைக்கரை | நவம்பர் 28

எல்லாம் சந்தோஷம். டி.பி.எஸ். நாள் குறிச்சாச்சாம்மா?