பிரிக்பீல்ட்ஸ் குடும்பக் குழு: குமரனின் வாக்கி டாக்கி

குமரன் (காலை 9:12)
நிஷா, பேங்க்கில் மறுபடியும் என் பணத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள். துபாய்க்கு வாக்கி டாக்கி ஆர்டர். சுற்றி வளைத்து வட கொரியாவுக்குப் போய்விடுமோ என்று பயமாம். "கடைசியில் யார் பயன்படுத்தப் போகிறார்கள், எழுதிக் கொடு" என்கிறார்கள். வாங்குகிறவருக்கே அது தெரியுமோ என்னவோ!

சரசு அத்தை (9:15)
எங்கேயோ அமெரிக்காக்காரன் தடை போட்டால் நம்ம பையன் வயிற்றில் ஏன் அடிக்க வேண்டும்?

நிஷா (9:21)
அத்தை, அமெரிக்கா தனியாகப் போடும் தடையை நாம் ஏற்பதில்லை, ஐநா போட்டால் மட்டும்தான் என்று 2024இல் நம் மலேசிய உள்துறை அமைச்சரே சொன்னார். வட கொரியா மேல் இருப்பது ஐநா தடை. 2006இல் முதல் அணுகுண்டைச் சோதித்ததும் வந்தது. ஆயுதத்துக்கு உதவும் பொருளை அனுமதி இல்லாமல் அனுப்பக் கூடாது என்று 2010இல் போட்ட சட்டம் நம்மிடமே இருக்கிறது.

குமரன் (9:22)
நான் விற்பது செக்யூரிட்டி கார்டு பிடிக்கிற சாமான் லா. ஏவுகணையா விற்கிறேன்?

பெரியப்பா (9:34)
குளோகாம் என்று ஒரு கம்பெனி. கேள்விப்பட்டிருக்கிறாயா? நம்ம லிட்டில் இந்தியாவில்தான், மாடியில், பெயர்ப் பலகை இல்லாத ஒரு கதவு. ராணுவ ரேடியோ வியாபாரம். பின்னால் இருப்பது வட கொரிய உளவுத்துறை என்று, அந்தத் தடையைக் கண்காணித்த ஐநா நிபுணர் குழு 2017இல் எழுதியது. சீனாவிலிருந்து ஆப்பிரிக்காவில் இருக்கிற எரித்ரியாவுக்குப் போன 45 பெட்டி ராணுவ ரேடியோ சாமான்களை 2016 ஜூலையில் வழியில் பிடித்தார்கள். அதில்தான் வெளியே வந்தது. நாம் கீழே தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

சரசு அத்தை (9:36)
ஐயோ, எந்த மாடி???

பெரியப்பா (9:40)
அதே 2017, பிப்ரவரி 13. கேஎல்ஐஏ2 விமான நிலையத்தில், வட கொரியத் தலைவர் கிம் ஜோங் உன்னின் அண்ணன் கிம் ஜோங் நாம் முகத்தில் விஎக்ஸ் விஷத்தைத் தடவினார்கள். உலகமே தடை செய்த ரசாயன ஆயுதம், நாம் செக்-இன் செய்கிற இடத்தில்.

குமரன் (9:44)
சரி பெரியப்பா. ஆனால் தடை போட்டு என்ன ஆனது? 2017க்குள் வட கொரியாக்காரன் ஆறு அணுகுண்டு வெடித்துவிட்டான். லிபியாவின் கடாபி 2003இல் அணு ஆயுதத் திட்டத்தைக் கைவிட்டு எல்லாவற்றையும் ஒப்படைத்தார், 2011இல் என்ன கதி? ஆட்சியும் போய் உயிரும் போனது. அதைப் பார்த்தவன் எவன் கொடுப்பான்?

நிஷா (9:52)
கடாபி விஷயம் நியாயமான கேள்வி அண்ணே, அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆனால் தளர்த்திப் பார்த்ததும் நடந்திருக்கிறது. பயங்கரவாதத்துக்கு ஆதரவு தரும் நாடுகள் பட்டியலிலிருந்து 2008 அக்டோபரில் அமெரிக்கா வட கொரியாவை எடுத்தது. அணு உலையை முடக்குகிறோம் என்ற பேச்சை நம்பித்தான். 2009 மே மாதமே இரண்டாவது குண்டு. விமான நிலையக் கொலைக்குப் பிறகு, 2017 நவம்பரில் திரும்பவும் சேர்த்தார்கள். தடை குண்டை நிறுத்தாது. காசு வருகிற வழியைச் சுருக்கும், அவ்வளவுதான். அதையும் சும்மா விட்டுக்கொடுப்பானேன்?

சரசு அத்தை (9:55)
அங்கே பிள்ளைகள் பட்டினி கிடக்கிறார்களே அம்மா.

நிஷா (9:59)
உதவிப் பொருளுக்குத் தடை குறுக்கே நிற்கக் கூடாது என்று ஐநா 2022 டிசம்பரில் தீர்மானம் போட்டது அத்தை. ஆனால் பேங்க்குகள் பயந்துபோய் அந்தப் பணத்தையும் இழுத்தடிக்கும். அந்த இடத்தில் நீங்கள் சொல்வது சரிதான்.

பெரியப்பா (10:06)
எனக்குக் கோபம் வேறு இடத்தில். குளோகாமைக் கண்டுபிடித்த அந்த நிபுணர் குழுவை நீட்டிக்க விடாமல் 2024 மார்ச்சில் ரஷ்யா வீட்டோ போட்டது. வேலி இருக்கிறது, காவல்காரனை வீட்டுக்கு அனுப்பியாச்சு. இனி கேள்வி கேட்க உன் பேங்க் மாதிரி ஆட்கள்தான் மிச்சம். எரிச்சலாக இருந்தாலும் பேங்க் கேட்கிற படிவத்தை நிரப்பிக் கொடு.

குமரன் (10:11)
துபாய்க்காரரிடம் கேட்டேன். "அது எதற்கு உங்களுக்கு" என்கிறார்.

நிஷா (10:12)
அப்படியென்றால் அனுப்பாதீர்கள் அண்ணே. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

குமரன் (10:13)
அதில் பாதியைக் கடை வாடகைக்குக் கட்டிவிட்டேன்.

பெரியப்பா (10:15)
சாயங்காலம் வீட்டுக்கு வா. குழுவில் பேச வேண்டாம்.