பல ரகத் திராட்சை கலந்த ஒயின் குடித்த அனுபவம்

மலைக்காற்று:
இத்தாலியில் கோர்மோன்ஸ் போனபோது 'வீனோ டெல்லா பாச்சே' குடித்தேன். சமாதான ஒயின். பல கண்டங்களிலிருந்து வந்த 400-க்கும் மேற்பட்ட ரகங்கள் ஒரே தோட்டத்தில் வளர்ந்து, ஒன்றாகப் பிழியப்பட்டது. இரண்டு வருடம் ஆகியும் மனதை விட்டுப் போகவில்லை. முதல் வாயில் ஒன்றுமே இல்லை, வெறும் புளிப்பு. ஏமாற்றத்தோடு கிளாஸை ஓரமாக வைத்துவிட்டேன். கால் மணி நேரம் கழித்து எடுத்தால் குப்பென்று ரோஜா வாசனை! அப்படியே அசந்துபோனேன். அடுத்த முறை முகர்ந்தபோது அது இல்லை. கிளாஸ் காலியாகும்வரை திரும்பவே இல்லை. யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

செம்மண்:
ரோஜா வாசனைக்கு 400 ரகம் தேவையில்லை நண்பரே. டிராமினர் என்ற திராட்சை ரகம் ஒன்றே போதும். எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். வியன்னாவில் நான் குடித்த கெமிஷ்டர் சாட்ஸில் (ஒரே தோட்டத்தில் கலந்து வளர்ந்த ரகங்களை ஒன்றாகப் பிழிந்த ஒயின்) எத்தனை ரகம் என்று ஊற்றிக் கொடுத்த பெரியவருக்கே தெரியவில்லை. சரிவைக் கைகாட்டி, "எல்லாம் கலந்துதான் நிற்கிறது, தாத்தா நட்டது" என்றார். அந்தக் கை இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரே நாளில் பறிப்பதால் சில பழம் நன்றாகக் கனிந்திருக்கும், சில காயாகவே இருக்கும். இனிப்பும் புளிப்பும் தோட்டத்திலேயே சேர்ந்துவிடும். 2013 முதல் அங்கே விதியும் உண்டு: குறைந்தது மூன்று வெள்ளை ரகம், எதுவும் பாதிக்கு மேல் போகக்கூடாது.

நிதானம்:
செம்மண், எண்ணிக்கையை இப்படி ஒதுக்கிவிட முடியாது. ஒரு ரகம் பூக்கும்போது உறைபனியில் கருகினாலும் மற்றது காய்க்கும், அதற்காகத்தான் முன்னோர் கலந்து நட்டார்கள். நான் குடித்தது 13 ரகமும் சேர்த்த சாட்டோநெஃப்-டு-பாப் என்ற பிரெஞ்சு ஒயின். கடைசி வாயில் மிளகு மாதிரி ஒரு காரம், அவ்வளவுதான்.

மலைக்காற்று, இனி இப்படிக் குடித்துப் பாருங்கள். வெள்ளை ஒயின் என்றாலும் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் ஊற்றாதீர்கள், குளிர் வாசனையை அமுக்கிவிடும். கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். அன்றைக்கு சென்ட் போடாதீர்கள். முகர்ந்ததும் தோன்றுவதை உடனே எழுதிவையுங்கள். அப்புறம் ஒரு நிமிடம் கிளாஸை விட்டு விலகியிருங்கள். விடாமல் முகர்ந்தால் மூக்கு பழகிப்போய் அந்த வாசனையைக் காட்டாது. பாட்டிலில் பாதியை மூடி வைத்து மறுநாளும் குடித்துப் பாருங்கள்.

மலைக்காற்று:
கிளாஸுக்கு வெளியே நீர் முத்துமுத்தாக நின்றிருந்தது, இப்போதுதான் ஞாபகம் வருகிறது. நானும் மூக்கை எடுக்கவே இல்லை. அப்படியானால் ரோஜா அங்கேயேதான் இருந்திருக்கிறது.