மறு: யூபிஎன்பி – "செருகி இயக்கு" போதுமா?

நண்பர்களே, வணக்கம்.

திசைவியின் (ரவுட்டர்) அமைப்புப் பக்கத்தில் பாதிக்கு மேல் தமிழாக்கம் முடிந்துவிட்டது. யூபிஎன்பி (யுனிவர்சல் பிளக் அண்ட் பிளே: வீட்டுக் கருவிகள் ஒன்றையொன்று கண்டுபிடித்துப் பேச உதவும் நெறிமுறை) என்ற அந்த ஒரு பொத்தானில்தான் நம் மடல் இழை சிக்கிக்கொண்டு நிற்கிறது. வந்த கருத்துகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

> பிளக் அண்ட் பிளே-க்கு "செருகி இயக்கு" ஏற்கனவே புழக்கத்தில் இருக்கிறது. முன்னால் "அனைத்துலக" என்று சேர்த்தால் வேலை முடிந்தது.

புழக்கத்தில் இருப்பது சரிதான். ஆனால் அது கணினிப் பெட்டியைத் திறந்து அட்டை செருகிய காலத்துச் சொல். 1999-இல் இந்த நெறிமுறைக்காக நிறுவனங்கள் ஒன்றுகூடியபோது அந்தப் பெயரையே நீட்டி இதற்கும் வைத்தார்கள். இங்கே யாரும் எதையும் செருகுவதில்லை. வைஃபையில் இணைகிற கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன, அவ்வளவுதான். "அனைத்துலகச் செருகி இயக்கு: முடக்கு" என்று பார்க்கிறவர் யூஎஸ்பி பென்டிரைவ் வேலை செய்யாமல் போய்விடும் என்று பயந்து அப்படியே விட்டுவிடுவார். அணைக்க வேண்டிய பொத்தானை அணைக்கவிடாமல் செய்கிற மொழிபெயர்ப்பு நமக்கு எதற்கு?

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த ஒரே பெயருக்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன.

முதல் வேலை கண்டறிதல். ஒரு கருவி 239.255.255.250 என்ற முகவரிக்கு, யூடிபி 1900-ஆம் துறையில் (போர்ட், அதாவது தரவு வந்துபோகும் எண்ணிட்ட வழி), "இங்கே யார் யார் இருக்கிறீர்கள்?" என்று குரல் கொடுக்கும். மற்றவை பதில் சொல்லும். கணினியில் இருக்கும் படத்தை டிவி தேடிக் கண்டுபிடிப்பது இப்படித்தான்.

இரண்டாவது வேலைதான் வில்லங்கம். வீட்டுக்குள் இருக்கும் ஒரு கேமரா ரெக்கார்டர் திசைவியிடம், "வெளியே 8080-க்கு வருவதை எல்லாம் 192.168.1.20-இன் 80-க்கு அனுப்பு" என்று கேட்கும். கடவுச்சொல் கிடையாது, பயனர் பெயர் கிடையாது. திசைவி சரி என்று திறந்துவிடும். வீட்டுக்காரருக்குத் தகவல்கூட வராது. எவ்வளவு நேரத்துக்கு என்ற இடத்தில் பூஜ்யம் போட்டுக் கேட்டால், இந்த நெறிமுறையின் முதல் பதிப்பில் அதற்கு நிரந்தரம் என்று பொருள்! கேட்பது கேமராவா, கணினியில் புகுந்த தீநிரலா என்று திசைவி பார்ப்பதில்லை. கான்ஃபிக்கர் என்ற கணினிப் புழு இதே வழியில்தான் தனக்கு வேண்டிய துறையைத் திறந்துகொண்டது.

நாம் மொழிபெயர்க்கும் பொத்தான் இந்த இரண்டாவது வேலைக்கு உரியது. அதை அணைத்தாலும் டிவி படம் தேடுவது நிற்காது. அந்தப் பேச்சு டிவிக்கும் கணினிக்கும் நடுவே நேரடியாக நடக்கிறது. ஆகவே நெறிமுறையின் பெயரை மொழிபெயர்த்துப் பொத்தானில் ஒட்டுவதைவிட, பொத்தான் செய்கிற வேலையைச் சொல்வதே முறை என்பது என் கட்சி.

> "துறை மூடப்பட்டது" என்றால் ஏதோ அரசுத் துறையை இழுத்து மூடிவிட்டார்கள் என்று நினைக்க மாட்டார்களா? "திட்டிவாசல்" அழகாக இருக்குமே.

சிரித்துவிட்டேன். பெரிய கதவுக்குள் இருக்கும் சிறு கதவு, பொருத்தம் அபாரம். ஆனால் 65,535 திட்டிவாசல்களைக் குறுகிய அட்டவணைக் கட்டத்துக்குள் அடைக்க முடியாது. "வாயில்" என்று சுருக்கினால் கேட்வேக்கு வைத்த "நுழைவாயில்" வந்து இடிக்கும். துறை இருக்கட்டும். கப்பல் வரும் துறையும் துறைதானே.

இனி என் பரிந்துரை. முதலில் மனத்தில் வந்தது "கேளாத் திறப்பு". வீட்டுக்காரரைக் கேளாமல் திறப்பது. இலக்கணமும் இடிக்கவில்லை, நாக்கிலும் நிற்கிறது. தனிமடலில் ஒரு தோழி மறுத்தார்: பொத்தான் தீர்ப்புச் சொல்லக் கூடாது, வேலையை மட்டும் சொல்ல வேண்டும் என்று. நியாயம். விளையாட்டுக் கன்சோல் வைத்திருப்பவருக்கும் டொரண்டில் பகிர்பவருக்கும் இது உண்மையாகவே உதவுகிறது. அதனால் பொத்தானுக்கு "தானியங்கு துறைத்திறப்பு". "கேளாத் திறப்பு" கட்டுரை எழுதுகிறவர்களுக்கு இருக்கட்டும்.

> தமிழ்ப் பெயரை மட்டும் போட்டால் யார் தேடிக் கண்டுபிடிப்பார்கள்?

பக்கத்திலேயே யூபிஎன்பி என்றும் இருக்கட்டும். "யூபிஎன்பி-யை ஆஃப் பண்ணு" என்று எச்சரிக்கை வரும்போது மக்கள் அந்த எழுத்துகளைத்தான் தேடுவார்கள். 2001 டிசம்பரில் விண்டோஸ் எக்ஸ்பியில் ஓட்டை வெளிவந்ததிலிருந்து இந்த எச்சரிக்கைகள் வந்துகொண்டே இருக்கின்றன. 2013 ஜனவரியில் ரேபிட்7 என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வறிக்கை, இணையப் பக்கத்திலிருந்து கேட்டாலே யூபிஎன்பி-க்குப் பதில் சொல்லும் முகவரிகள் 8 கோடிக்கும் மேல் என்றது. வீட்டுக்குள் மட்டும் பேச வேண்டிய நெறிமுறை அது! முடிந்தவரை அதை முடக்கிவிடுங்கள் என்று அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான யூஎஸ்-செர்ட்டும் அப்போது அறிவுறுத்தியது.

இடையில் ஒன்று. திசைவியின் நிலைப் பக்கத்தில் வான் (WAN) முகவரி, அதாவது திசைவியின் வெளிப்பக்க முகவரி, 100.64-இலிருந்து 100.127-க்குள் தொடங்கினால், அந்த இணைப்பு சேவையாளரின் பொது நாட்-க்கு (NAT: பல வாடிக்கையாளர்கள் ஒரே வெளிமுகவரியைப் பகிரும் ஏற்பாடு) பின்னால் இருக்கிறது. அங்கே திசைவி துறையைத் திறந்தாலும் ஐபிவி4 வழியாக வெளியிலிருந்து யாரும் நேரே வந்து சேர முடியாது. அதாவது யூபிஎன்பி-யால் பயனே இல்லை, தாராளமாக அணைக்கலாம். இதை உதவிக் குறிப்பில் சேர்க்க இடம் இருக்குமா என்று பார்க்கிறேன்.

டிசேபிள் என்பதற்கு முடக்கு, நிறுத்து, அணை என்று மூன்று கட்சி. மற்ற பக்கங்களில் "முடக்கு" என்றே இருக்கிறது. அதையே வைப்போம்.

ஆக, நான் ஏற்றப்போகும் வரிகள் இவை:

பொத்தான்: தானியங்கு துறைத்திறப்பு – யூபிஎன்பி
குறிப்பு: வீட்டுக் கருவிகள் உங்களைக் கேட்காமலே வெளியுலகுக்குத் துறை திறக்க இது இடம் கொடுக்கும். தேவையில்லை என்றால் முடக்குங்கள். ஏதாவது ஒரு கருவிக்கு மட்டும் தேவைப்பட்டால் "துறை முன்னனுப்பல்" பக்கத்தில் நீங்களே சேர்க்கலாம்.

போர்ட் ஃபார்வர்டிங் என்பதற்கு வைத்த "முன்னனுப்பல்" எனக்கும் பிடிக்கவில்லை. "துறைத் திருப்பம்" என்று ஒருவர் சொன்னார், அது பேருந்து நிறுத்தம் மாதிரி கேட்கிறது. வேறு ஏதாவது தோன்றினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், அன்று இரவு ஏற்றிவிடுவேன்.