செமஸ்டர் முடிகிறது, எல்லோரிடமும் எப்படிச் சொல்லிக்கொண்டு கிளம்புவது?

மழைக்குருவி:
எக்ஸ்சேஞ்ச் திட்டத்தில் வெளிநாட்டுக்குப் படிக்க வந்து ஒரு செமஸ்டர் ஓடியே போய்விட்டது. விடுதியில் எங்கள் தளத்தில் ஆளுக்கொரு நாடு, பரீட்சை முடிகிற தேதியும் ஆளுக்கொன்று, அதனால் ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள். நேற்று காலை பொதுச் சமையலறைக்குப் போனால் ஃபிரிட்ஜில் ஒரு அடுக்கு மட்டும் துடைத்துக் காலியாக இருக்கிறது, அதில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டு அப்படியே இருக்கிறது. பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. சில மாதப் பழக்கத்துக்கு இப்படி இருப்பது இயல்புதானா? கடைசியில் எல்லோரையும் கூப்பிட்டு ஒரு பார்ட்டி வைத்தால் போதுமா?

தெற்குவாசல்:
ரொம்ப இயல்பு. கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமானவர் ஓரளவு நண்பராக சுமார் 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்திருக்க வேண்டியிருக்கிறது என்று கணக்கிட்டார். ஒரே சமையலறை, ஒரே வகுப்பு, ஒரே பஸ் என்று இருப்பவர்களுக்கு அந்த மணிக்கணக்கு சீக்கிரமே தாண்டிவிடும், அதனால் "சில மாதம்தானே" என்று உங்களை நீங்களே அடக்கிக்கொள்ளாதீர்கள்.

பார்ட்டி தாராளமாக வையுங்கள், ஆனால் விடைபெறுவதை அதற்கென்று ஒதுக்கி வைக்க வேண்டாம். கூட்டத்தில் யாரிடமும் முழுசாகப் பேச முடியாது, போட்டோ எடுப்பதற்குள் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள். மனதுக்கு நெருக்கமான நாலைந்து பேரை அதற்கு முன்பே தனித்தனியாகப் பாருங்கள், சும்மா ஒரு நடை போய்வந்தாலே போதும். "மிஸ் பண்ணுவேன்" என்பதோடு நிறுத்தாமல் அவர் உங்களுக்குச் செய்த ஏதாவது ஒன்றைக் குறிப்பாகச் சொல்லுங்கள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது பக்கத்து அறைப் பெண் வகுப்புக் குறிப்புகளைக் கைப்பட எழுதி, கதவுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போயிருந்தாள். அதைத்தான் கடைசியாக அவளிடம் சொன்னேன். அவளுக்கு அது ஞாபகத்திலேயே இல்லை, ஆனால் அன்றைக்கு நாங்கள் பேசிய அளவுக்கு அந்த செமஸ்டர் முழுக்கப் பேசியதில்லை.

கணக்குப்பிள்ளை:
இரண்டு விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்லூரி மெயில் பல இடங்களில் படிப்பு முடிந்த கொஞ்ச நாளில் மூடப்படும், சொந்த மெயிலை இப்போதே எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப் அங்கே வாங்கிய சிம்மில் இருந்தால், சிம்மை விடுவதற்கு முன்பே எண்ணை மாற்றிக்கொள்ளுங்கள். அப்புறம், பேராசிரியரிடம் பரிந்துரைக் கடிதம் வேண்டுமென்றால் நேரில் போய்க் கேளுங்கள், உங்கள் முகம் நினைவில் இருக்கும்போதே.

ஆற்றங்கரை:
நான் கிளம்புகிறவன் இல்லை, அங்கேயே படிக்கிறவன். ஒவ்வொரு செமஸ்டரும் புதுசாகச் சிலர் வருவார்கள், பழகுவார்கள், போய்விடுவார்கள். போகிறவர்களுக்குப் பெட்டி கட்டுவது, விமானம், வீடு என்று மனதைத் திருப்ப ஏதாவது இருக்கும், இருக்கிறவர்கள் மறுநாளும் அதே நூலகத்தில் அதே மேஜையில்தான் உட்கார வேண்டும். அதனால் ஒரு வேண்டுகோள்: "கட்டாயம் திரும்ப வருவேன்" என்று உறுதியில்லாமல் சொல்லாதீர்கள், நாங்கள் அதை நிஜமாகவே எதிர்பார்ப்போம். அதற்குப் பதில் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு பேச ஒரு நாளும் நேரமும் குறித்துவிட்டுப் போங்கள், இரண்டு ஊர் நேரத்தையும் பார்த்து.

தெற்குவாசல்:
ஆற்றங்கரை சொல்வது சரி, அந்த அழைப்பு உங்களுக்கும் தேவைப்படும். வெளிநாட்டில் தங்கிவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு வீட்டிலும் இன்னொரு தடவை மனம் சரிந்து மீள்கிறது என்று ஆய்வாளர்களான கல்லஹார்ன் தம்பதி 1963-லேயே எழுதியிருக்கிறார்கள். ஊர் போன முதல் சில வாரம் வீட்டில் யாருக்கும் உங்கள் கதைகள் முழுசாகப் புரியாது. அந்த நேரத்தில் கூட இருந்த ஒருவரிடம் அரை மணி நேரம் பேசினாலே எவ்வளவோ தேவலை.

மழைக்குருவி:
எல்லோருக்கும் நன்றி. பேராசிரியரை நாளைக்குப் பார்க்கிறேன். எங்கள் தளத்தில் அடுத்துக் கிளம்புகிறவன் ரொம்பக் கூச்சக்காரன், நேரில் சொன்னால் நெளிவான், அவனுக்கு மட்டும் ஒரு பக்கம் எழுதிக் கையில் கொடுக்கப் போகிறேன்.