பகுதிநேர வேட்டை வழிகாட்டிச் சேவை தொடங்கலாமா?

அனைவருக்கும் வணக்கம். சட்டப்படி அனுமதி உள்ள பகுதியில் பல ஆண்டுகளாக மான் வேட்டைக்குச் சென்றுவரும் நான், முழுநேர வேலையை விடாமல், வார இறுதிகளில் மட்டும் கட்டணம் பெற்று வழிகாட்டும் சேவையைத் தொடங்கலாமா என்று யோசித்து வருகிறேன்.

உரிமமும் முதலுதவிப் பயிற்சியும் எனக்குப் பெரிய தடையாகத் தெரியவில்லை. தயக்கமெல்லாம் நேரத்தைப் பற்றியதே. வேட்டைப் பருவம் குறுகியது என்றாலும், கால்தடம், மேய்ச்சலிடம், காற்றின் போக்கு ஆகியவற்றைக் கவனித்து வைக்கும் வேலை பல மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. விலங்கு விழுந்த பிறகும் இறைச்சி கெடாதபடி விரைவாகக் குடல் நீக்கி, குளிரவைத்து, சுமந்துவர வேண்டும். ஞாயிறு மாலை காயம்பட்டு ஓடிய மானைத் தேடும் பொறுப்பு திங்கட்கிழமைக்கும் நீளக்கூடும். (அலுவலகத்தில் இதை யாரும் விடுப்புக்கான காரணமாக ஏற்கமாட்டார்கள்.) பழக்கமில்லாத ஒருவர் கையில் துப்பாக்கி இருக்கும்போது நேரும் விபத்துக்கு என் பொறுப்பு எவ்வளவு என்பதும் உறுத்துகிறது.

இத்தொழிலில் இருப்பவர்கள், காப்பீடும் எரிபொருளும் போகக் கையில் ஏதேனும் மிஞ்சுகிறதா, பொதுநிலத்தில் கட்டணத்துக்கு ஆட்களை அழைத்துச் செல்வதற்கான தனி அனுமதியைச் சிறு சேவையாளர்கள் எப்படிப் பெறுகிறார்கள், முதலில் உரிமம் பெற்ற வழிகாட்டி ஒருவரிடம் ஒரு பருவம் உதவியாளராக இருப்பது நல்லதா என்பதைத் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.