புதுப்பிப்பு: சிங்கப்பூரில் மரநிழலில் ஓட இடம்

சிங்கப்பூரில் பச்சைப் பசேலென்று நீண்ட தூரம் ஓட எங்கே போகலாம் என்று முன்பு கேட்டிருந்தேன், நீங்கள் சொன்ன ரயில் காரிடார், மெக்ரிச்சி நீர்த்தேக்கம் இரண்டுக்கும் போய் வந்தாச்சு. என் ஓட்டு ரயில் காரிடாருக்குத்தான். 2011-இல் அந்த வழியாக ஓடிய மலேசிய ரயில் நிறுத்தப்பட்டதும் தண்டவாளத்தை எடுத்துவிட்டு அப்படியே பாதையாக்கிய 24 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம், புக்கிட் தீமா பக்கம் பழைய இரும்புப் பாலத்தில் ஏறினால் காலுக்குக் கீழே வண்டிகள் ஓடும், நின்று பார்க்காமல் நகர மனசே வராது. மெக்ரிச்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள காட்டுப்பாதை வேறு ரகம்: வேர், கல், மழை பெய்தால் சேறு. கையில் பிளாஸ்டிக் பை வேண்டாம், குரங்கு பிடுங்கிவிடும். அப்புறம் அங்கேயுள்ள தொங்குபாலம் ஒருவழிதான், நடந்தே கடந்துவிடுங்கள். புதிதாக ஓடத் தொடங்குகிறவர்கள் முதலில் காரிடாருக்கே போங்கள்.