வேண்டாத எண்ணங்களை உளவியலாளரிடம் சொல்லலாமா?

கேள்வி: குழந்தை பிறந்ததிலிருந்து, அவனுக்கு நானே தீங்கு செய்துவிடுவேனோ என்ற எண்ணம் திடீர் திடீரென வந்து நடுங்கவைப்பதால், சமையலறைக் கத்தியைக்கூட ஒளித்து வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் உளவியலாளருடன் முதல் சந்திப்பு. சொன்னால் வீட்டாரிடம் தெரிவித்துவிடுவாரோ?

பதில் 1: சகோதரி, புதிய தாய்மார்கள் பலருக்கும் இப்படிப்பட்ட எண்ணங்கள் வருவதுண்டு; எண்ணம் வருவதும் அதைச் செய்ய விரும்புவதும் ஒன்றல்ல. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிறருக்கு ஆபத்து நேரக்கூடிய நிலை போன்ற சில விலக்குகளைத் தவிர, உங்கள் தகவல்களை இரகசியமாகக் காக்க வேண்டும் என்கிறது. வாய் வரவில்லையென்றால் தாளில் எழுதிக் கொடுங்கள்; நான் அப்படித்தான் செய்தேன்.

பதில் 2: எண்ணத்தை அடக்க முயன்றால் அது திரும்பத் திரும்ப வரும் என்பதை, பங்கேற்றவர்களிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதிருக்கச் சொல்லி உளவியலாளர் டேனியல் வெக்னர் குழுவினர் நடத்தி, 1987இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கத்தியை ஒளிப்பதும் அவ்வாறே அச்சத்தை வளர்ப்பதால், சிகிச்சையில் அதைப் படிப்படியாக எதிர்கொள்ளப் பழக்குவார்கள். தொடக்கத்தில் பதற்றம் சற்றுக் கூடலாம், அதற்காக நிறுத்திவிடாதீர்கள்.

பதில் 3: ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். அந்த எண்ணம் சரியென்றே தோன்றினாலோ, கட்டளையிடும் குரல்கள் கேட்டாலோ, சந்திப்பு நாள்வரை காத்திராமல் வீட்டாரிடம் சொல்லி உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இடையில் பேச ஆள் வேண்டுமெனில், அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸ் (எண் 14416) இருபத்து நான்கு மணி நேரமும் கட்டணமின்றி இயங்குகிறது.